தனபால் வீட்டுப் பறவைகள் நனைந்த நாள்

பல்லடத்துக்கு மேற்கே, சூலூர் பேருந்துகள் நின்று போகிற அந்த ஊரில், மழையைத் திட்டுகிற ஒரே ஆள் தனபால்தான். மற்றவர்கள் எல்லாம் மழைக்கு ஏங்கிக் கிடப்பவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு மழை தவறிப்போய், ஊரே மாரியம்மன் கோயிலில் கூடிப் பொங்கல் வைத்தது. தனபாலும் போனார். கண்ணை மூடிக் கையைக் கூப்பி, "ஆத்தா, மழையக் குடு. ஆனா இன்னும் பன்னெண்டு நாளு கழிச்சுக் குடு. குஞ்சுகளுக்கு எறக்கை மொளச்சுக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டார். மனதுக்குள் வேண்டுவதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் இளவயதில் பன்னிரண்டு வருஷம் விசைத்தறியில் நின்றவர். மெதுவாகப் பேசுவது என்பது அவருக்குக் கைவராத வித்தை. பக்கத்தில் நின்ற மனைவி சென்னியம்மாள் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். அப்போதிருந்து மழை தவறும்போதெல்லாம், "எல்லாம் எங்கூட்டுக்காரரு வேண்டுதலுங்க" என்று சென்னியம்மாளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

தனபாலுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் நடந்து போனால் அவருடைய கறிக்கோழிப் பண்ணை வரும். ஒரே ஒரு நீளக் கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பிவலை, அதன்மேல் தீவனச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா. கம்பெனி வண்டி ஒரு நாள் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கும், மொத்தம் நாலாயிரம். நாற்பது நாளில் அதே கம்பெனி கோழிகளாக ஏற்றிக்கொண்டு போகும். கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, தேங்காய் நார்த்தூள் பரப்பினால் அடுத்த நாலாயிரம். இப்படியே பத்தொன்பது வருஷம்.

கோழிக் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் மழைதான் எமன். சாரல் அடித்து இறகு நனைந்தால் குளிரும். குளிர்ந்தால் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மகள் பிரவீனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், சூலூரில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் சென்னியம்மாளும் போயிருந்தார்கள். பந்தியில் உட்காரும்போது மழை பிடித்தது. படுதாவை இழுத்துக் கட்டப் பண்ணையில் ஆள் இல்லை. பேருந்து பிடித்து வந்து சேர்ந்தபோது வடக்கு மூலையில் எழுநூறு குஞ்சுகள் ஈரக் குவியலாகக் கிடந்தன. குழி வெட்டிப் புதைத்தார். அதன்பிறகு மழைக்காலத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் போனதில்லை. வானத்தில் கருப்பாக ஏதாவது தெரிந்தால், அது தறிப்பட்டறைப் புகையாகவே இருந்தாலும், அவர் கை தானாகப் படுதாக் கயிற்றைத் தேடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் பிரவீனா ஐந்து லவ் பேர்ட்ஸை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

பிரவீனா கோயம்புத்தூரில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் பேச்சுத் துணைக்கு என்று அந்தக் குருவிகளை வாங்கி வந்தாள். பச்சை இரண்டு, நீலம் இரண்டு, மஞ்சள் ஒன்று. பிறகு கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டது. தங்கப்போகிற விடுதியில் பறவைக்கு அனுமதி இல்லை.

"ஏனுங்கப்பா, நீங்க பாத்துக்குவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாலாயிரத்தப் பாக்கறவன் அஞ்சப் பாக்க மாட்டனா? போய்ட்டு வா கண்ணு."

சொன்னபடியே பார்த்தார். அவருக்குத் தெரிந்த விதத்தில் பார்த்தார். பண்ணையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, வேட்டி மாற்றி, அதன்பிறகுதான் கூண்டுப் பக்கம் போவார். பண்ணைக்குப் போகும்போதும் அதே குளியல், அதே மாற்று வேட்டி. இங்கத்து நோய் அங்கேயும் அங்கத்து நோய் இங்கேயும் போகக் கூடாது என்பது கம்பெனி சொல்லிக் கொடுத்த பாடம். அதுவரை சரி. அப்புறம்தான் தவறு ஆரம்பித்தது. கூண்டுக்கு அடியில் நார்த்தூள் பரப்பினார். மார்கழிக் குளிருக்கு நாற்பது வாட் பல்பு ஒன்று கட்டித் தொங்கவிட்டார். தீவனச் சாக்கு ஒன்றைப் பிரித்து, ஓரம் அடித்து, கயிறு கோத்து, வாசல் தகரக் கொட்டகையில் தொங்கிய கூண்டுக்குச் சின்னதாக ஒரு படுதா தைத்தார். கயிற்றை இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும்.

"அடுத்து ஊசி போட டாக்டரக் கூப்புடுவீங்க" என்றார் சென்னியம்மாள்.

"கம்பெனி டாக்டரு வாரப்ப ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னுதான் இருக்கறேன்."

"நாப்பதாம் நாளு வண்டியும் வந்து நிக்குமாக்கு?"

மாசி மாதம் ஒரு காலையில் பச்சைக் குருவி ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கி, மார்பை நனைத்து, இறக்கையால் தண்ணீரை அடித்தது. தனபாலுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கையை விட்டு அதைத் தூக்கி, துண்டால் துடைத்து, பல்புக்குக் கீழே உட்கார வைத்தார். அன்றைக்கே கிண்ணத்தை எடுத்துவிட்டார். குஞ்சுகள் அலகை மட்டும் விட்டுக் குடிக்கிற மாதிரிக் குறுகலான விளிம்புள்ள குடுவை ஒன்றைக் கடையில் புதிதாக வாங்கி வந்து கவிழ்த்து வைத்தார். இனி எந்தக் குருவியும் அதில் தலையை முக்க முடியாது. ஒரு சாவைத் தடுத்துவிட்ட நிம்மதியோடு அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாக உண்டார்.

சித்திரை போனது. ஆடி போனது. ஐந்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் ஐந்தும் மங்கிக்கொண்டே வந்தன. நார்த்தூள் இறகில் ஏறிப் பச்சை சாம்பல் பூத்தது. நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி ஆனது. நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தன. எந்நேரமும் கீச்கீச்சென்று சண்டை போட்டவை, சாக்குக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தன. தனபால் தினையை மாற்றிப் பார்த்தார். கீரை வைத்துப் பார்த்தார். பல்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் பிரவீனா வீடியோவில் கூப்பிட்டாள். சென்னியம்மாள் போனைக் கூண்டுப் பக்கம் திருப்பியதும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்கப்பா, இப்படி மங்கிக் கெடக்குதுங்க?"

தனபால் பல்பைத் தொட்டு, சூடு போதுமா என்று பார்த்தார்.

அடுத்த வாரம் அவளே தயங்கிக்கொண்டு சொன்னாள். கூட வேலை செய்கிற தேஜா என்ற பெண்ணுக்குப் பறவை என்றால் உயிர். அவள் வீட்டில் பெரிய கூண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து ஐந்தையும் எடுத்துப் போகிறார்கள். "உங்களுக்கும் பண்ணை வேலை நெம்ப இருக்குதுங்களே அப்பா. எதுக்குங்க சிரமம்?"

"செரி கண்ணு" என்றார் தனபால்.

சொல்லிவிட்டுப் போய்க் கூண்டுக்கு முன்னால் நின்றார். நாற்பது நாளுக்கு ஒருமுறை நாலாயிரம் உயிரை வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர் அவர். வண்டி கிளம்பின புழுதி அடங்குவதற்குள் கொட்டகையைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். ஒன்றுக்குக்கூட மனசு நின்றதில்லை. இந்த ஐந்தை விட்டு மட்டும் ஏன் நகர முடியவில்லை? அவை அவருடையவைகூட இல்லை, மகளுடையவை. அதோடு, தான் சரியாகப் பார்க்கவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. சரியாகப் பார்க்காதவன் எந்த வாயால் எனக்குக் கொடு என்று கேட்பது? இப்படியெல்லாம் அவர் யோசித்தார். தனக்கு என்ன வேண்டும் என்று மகளிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பண்ணையில் குஞ்சு இறக்கி ஆறாம் நாள். காலையிலேயே தனபால் கூண்டைக் கழுவினார். வருகிற பெண் குருவிகளைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதே என்று, கொஞ்சம் வெயில் பட்டாலாவது நிறம் வரட்டும் என்று, சாக்குப் படுதாவைக் கழற்றிவிட்டுக் கூண்டை வாசல் முருங்கைக் கிளையில் கொண்டுபோய் மாட்டினார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவை வெட்டவெளியைப் பார்த்தன.

பதினொரு மணிக்குத் தீவனம் வைக்கத் தனபாலும் சென்னியம்மாளும் பண்ணைக்குப் போனார்கள். வெயில் சுள்ளென்றுதான் அடித்தது. பாதி வேலையில் காற்று திரும்பியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து கருப்பாக ஒரு மேகம், கேட்பார் இல்லாதது போல ஏறி வந்தது.

"சென்னி! படுதா!"

தனபால் தெற்குப் பக்கம் ஓடினார். சென்னியம்மாள் வடக்குப் பக்கம் ஓடினார். கயிற்றை இழுத்து முளையில் சுற்றி, அடுத்ததை இழுத்து, அடுத்ததைச் சுற்றி, கடைசி முடிச்சுப் போடவும் முதல் துளி தகரத்தில் விழவும் சரியாக இருந்தது. பல்புகளைப் போட்டார். குஞ்சுகள் மஞ்சள் வெளிச்சத்தில் பரவி நின்று நிம்மதியாகக் கொத்திக்கொண்டிருந்தன. தனபால் மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

"முருங்கை மரம்!" என்றார்.

சென்னியம்மாளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "ஐயோ! நீங்க போங்க. இங்க நான் பாத்துக்கறேன். வெசையாப் போங்க!"

மொபெட்டை நாலு முறை உதைத்தார். அது இருமியது, அவ்வளவுதான். அப்படியே போட்டுவிட்டு இட்டேரியில் ஓடினார். மழை கொட்டவில்லை, சீராக, கனமாக, விடாமல் பெய்தது. கிளுவை வேலி ஓரமெல்லாம் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினார். கண்ணுக்குள் அந்த வடக்கு மூலை. இந்த முறை எழுநூறு இல்லை, ஐந்துதான். ஆனால் அந்த எழுநூறுக்கு அவர் கம்பெனிக்குப் பதில் சொன்னார். இந்த ஐந்துக்கு மகளுக்குச் சொல்ல வேண்டும். அவள் இப்போது பேருந்தில் வந்துகொண்டிருப்பாள். என்னவென்று சொல்வது? வெயிலுக்கு வைத்தேன் கண்ணு, மழையில் செத்துப்போச்சு என்றா?

வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கீச்சு கீச்சென்று, ஐந்து பேர் ஐம்பது பேர் மாதிரிக் கத்துகிற சத்தம். சாகக் கிடந்து கத்துகின்றன என்று நினைத்தார். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, தகரக் கொட்டகையில் கிடந்த சாக்குப் படுதாவை எடுத்துக் கூண்டின்மேல் போட்டார்.

சத்தம் நின்றுவிட்டது. பட்டென்று, சுவிட்சை அணைத்த மாதிரி.

செத்தே போய்விட்டனவா? சாக்கின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். பச்சைக் குருவி ஒன்று கூண்டின் கூரைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவரைப் பார்த்தது. இரண்டு இறக்கையும் அகல விரிந்திருந்தன. சாக்கு விலகி ஒரு துளி அதன் வயிற்றில் விழுந்ததும், உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி, "கீச்!" என்றது. மற்றவையும் ஆரம்பித்தன.

சாக்கை மூடினார். மௌனம். திறந்தார். கச்சேரி.

மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். நாலாவது முறை மூடப் போனபோது நீலக் குருவி கம்பி வழியாக எட்டி அவர் விரலை ஒரு பிடி பிடித்தது. வலித்தது. சாக்கைக் கீழே போட்டுவிட்டார்.

அப்புறம்தான் நின்று பார்த்தார். நீலம் இரண்டும் ஒரே கம்பியில் தொங்கி, ஒன்றின்மேல் ஒன்று தண்ணீரை உதறிக்கொண்டிருந்தன. பச்சை ஒன்று தலையை மட்டும் நீட்டி நீட்டி, முருங்கை இலையிலிருந்து சொட்டும் துளியை உச்சந்தலையில் வாங்கியது. வாங்கிவிட்டுக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடியது. பத்து மாதத்து நார்த்தூள் பழுப்பாகக் கூண்டிலிருந்து வழிந்தது. அதற்கு அடியிலிருந்து பச்சை வந்தது. நீலம் வந்தது. கடையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு நிறம் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. மஞ்சள் மட்டும் ஊஞ்சலின் உள்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, இதெல்லாம் என்ன கூத்து என்பது போலப் பார்த்தது.

தனபால் கை நீட்டி ஒரு கொத்து முருங்கையிலையை ஒடித்து, சொட்டச் சொட்டக் கூண்டுக்குள் திணித்தார். பச்சை இரண்டும் அதில் விழுந்து புரண்டன. முதுகைத் தேய்த்தன, வயிற்றைத் தேய்த்தன, நமக்கு முதுகில் எட்டாத இடம் அரிக்கும்போது சுவரில் தேய்ப்போமே, அப்படி. மாசி மாதத்தில் கிண்ணத்தில் இறங்கிய குருவி என்ன கேட்டது என்பது இப்போது அவருக்கு விளங்கியது. அட முட்டாளே என்று தன்னையே உரக்கத் திட்டிக்கொண்டார். திட்டியவர் சிரித்தார். மழையில் நின்று சிரித்து எத்தனை வருஷம் இருக்கும்? தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குளிரவும் இல்லை.

"அப்பா!"

படலருகே பிரவீனா நின்றாள். பக்கத்தில் குட்டை முடி வைத்த ஒரு பெண், காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு. இருவருக்கும் ஒரே குடை.

"என்னங்கப்பா பண்றீங்க? மழையில நின்னுக்கிட்டு, தனியாச் சிரிச்சுக்கிட்டு?"

"வா கண்ணு, வா! வாங்க அம்மிணி! இங்க வந்து பாருங்க, குளிக்குதுங்க!"

தேஜா குடையை விட்டு வெளியே ஓடி வந்தாள். அட்டைப்பெட்டி நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை. "அங்கிள்! எப்படிங்க அங்கிள் பழக்குனீங்க? நான் எங்க பறவைகளுக்கு ஸ்பிரே பாட்டில்ல அடிச்சா மூலைக்கு ஓடுதுங்க."

"நான் எங்கீங்க பழக்குனேன்? எட்டு மாசமாக் குளிக்க உடாம வெச்சிருந்தனுங்க. கோழிக்குஞ்சுன்னு நெனச்சுப்போட்டேன்."

"கோழிக்குஞ்சா?"

"நனைஞ்சாச் செத்துப்போகும்னு. பல்பு கட்டி, சாக்குப் போட்டு…" சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியாமல் சிரித்தாள். தேஜாவும் சிரித்தாள். தனபாலும்.

சிரிப்பு அடங்கியதும் பிரவீனா அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். "தேஜா, இப்ப ஈரத்தோட பெட்டியில வெக்க வேண்டாம். காஞ்சதும் எடுத்துக்கலாம்."

"ஆமா. எங்க ஃபிளாட்டு மூணாவது மாடிங்க அங்கிள். பால்கனிக்குக் கண்ணாடி போட்டாச்சு, சாரல் வராது. ஆனா கவலப்படாதீங்க, ஷவர்ல காட்டறேன்."

தனபால் தலையாட்டினார். எப்போதும் போல "செரிங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூண்டுக்குள் பச்சை மறுபடி தலைகீழாகத் தொங்கியது.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க" என்றார். குரல் தறிப்பட்டறைக் குரலாக, தேவைக்கு மேல் உரக்க வந்தது. "இதுகள நான் குடுக்கலீங்க."

பிரவீனா அப்பாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களேப்பா? நான் உங்களுக்குச் சிரமம்னு நெனச்சுத்தான்…"

"நீ கேக்குலியே கண்ணு."

அவள் கேட்கவில்லைதான். சிரமம் என்று அவளாகவே முடிவு செய்து, அவளாகவே ஆள் பார்த்து, அவளாகவே நாள் குறித்திருந்தாள். அப்பாவுக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். தனபாலுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இதுக வேணும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது, கண்ணு" என்றார் மெதுவாக. அவரால் முடிந்த அளவு மெதுவாக.

"வெச்சுக்கோங்கப்பா" என்றாள் பிரவீனா. பிறகு அது போதாது என்று பட்டதோ என்னவோ, "உங்களுதுதானுங்க" என்றாள்.

தேஜா அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "அப்ப எனக்கு இது குடைங்க அங்கிள்."

அந்த நேரத்தில் சென்னியம்மாள் வந்து சேர்ந்தார். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தார். ஒரு கையில் தனபாலின் சேற்றுச் செருப்புகள். வாசலில் நின்ற மூன்று பேரையும் கூண்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, நாலாயிரத்த என்ற தலையில கட்டிப்போட்டு, இங்க வந்து அஞ்சக் குளிப்பாட்டிட்டு இருக்கறீங்களா? ஒறம்பரை வந்து நனைஞ்சு நிக்குது, ஊட்டுக்குள்ள கூப்புடக்கூடத் தெரியுலியா?"

"குஞ்சு எப்படி இருக்குது?"

"நீங்க இல்லாததால நல்லா இருக்குது. வா சாமி, நீயும் வா கண்ணு, தலையத் தொவட்டுங்க. சோறு ஆறிப்போகும்."

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். தேஜா வாசற்படியில் நின்று, "அங்கிள், காத்து அடிச்சாக் கூண்ட உள்ள எடுத்துருங்க. ஈரத்தோட காத்து ஆகாது" என்றாள். தனபால் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. நாலு குருவிகள் ஒரு வரிசையாக உட்கார்ந்து அலகால் இறகைக் கோதத் தொடங்கின.

அப்போதுதான் மஞ்சள் ஊஞ்சலிலிருந்து இறங்கியது. ஒரு காலை நீட்டி ஈர இலையைத் தொட்டது. பின்னால் இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. பிறகு தலையைச் சாய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் இலையில் போட்டு ஒரே ஒரு புரட்டுப் புரண்டது.

"அப்பா, கூண்ட எடுத்துட்டு வாங்க, காத்து வரப் போகுது!" என்று உள்ளேயிருந்து பிரவீனா கூப்பிட்டாள்.

"சித்த இரு கண்ணு" என்றார் தனபால், கூண்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மஞ்சா இப்பத்தான் ஒரு பக்கம் நனைச்சிருக்குது. இன்னொரு பக்கம் பாக்கி இருக்குதல்ல."